எமனுக்கு எதுக்கால

கொஞ்சம் நகந்து உக்காரு கண்ணு. இல்லல்ல, ஜன்னல் நீயே வெச்சுக்க, எனக்கு வளைவுல தலை சுத்தாது. இந்த மலையில ஏறி எறங்கியே தலை நரைச்சவ நான். ஏன் காலை அப்படி நீட்டிக்கிட்டு இருக்க, வலியா? ஓ, நீயும் நேத்து ஓடுனவதானா! அதான் பையில மெடல் நாடா தொங்குது. எதுல ஓடுன, அஞ்சா, பத்தா? இருபத்தொண்ணா! அடி ஆத்தாடி, ஊதுனாப் பறந்துருவ போல இருக்க, இருபத்தொரு கிலோமீட்டரா ஓடுன? ஊர்ல பஸ்ஸு இல்லையா உங்களுக்கு?

நான் சேலம்தான் போறேன். அஸ்தம்பட்டியில எறங்கணும். விசேஷமான்னு கேக்கறியா? பட்டுப்பொடவையைப் பாத்துக் கேக்கற. விசேஷம்தான். ஒருத்தன் குடியைக் கெடுக்கப் போறேன்.

சிரிக்காத. நெசமாத்தான் சொல்றேன். பையை ஏன் பாக்கற, கத்தி கித்தி ஒண்ணும் இல்ல. அதுக்கெல்லாம் கத்தி எதுக்கு? நான் போய் நின்னாப் போதும்.

அவன நீயும் பாத்திருப்ப. நேத்து எமன் வேஷம் போட்டு ஒருத்தன் ஓடுனானே? கொம்பு வெச்ச கிரீடம், தெர்மாகோல்ல கதாயுதம், தோள்ல கயிறு, இவ்வளவு பெரிய மீசை. முதுகுல ஒரு அட்டை, ‘ஹெல்மெட் போடுங்க, என்னைத் தேடாதீங்க’ன்னு. அவனேதான். பேரு தெய்வசிகாமணி. பேரைப் பாரு! வேஷத்தைப் பாரு! உனக்கு அவன் சிரிப்பு. ஃபோட்டோ எடுத்திருப்ப. எனக்கு அவன நெனச்சாலே வயிறு எரியும்.

போன வருஷம் இதே மாரத்தான் ஞாயித்துக்கிழமைதான் எம்பொண்ணுக்கு நிச்சயம் வெச்சிருந்தோம். மேகலான்னு பேரு. இங்க ஒரு ரெசார்ட்ல ரிசப்ஷன்ல இருக்கா. ஜோசியர் பாத்துக் குடுத்த தேதி, காலையிலயே நல்ல நேரம். மாப்ள ஊடு ஆத்தூரு. நல்ல இடம், பையன் ஃபைனான்ஸ் கம்பெனியில மேனேஜரு. மாரத்தான்னு மைக் கட்டிச் சொல்லிட்டுத்தான் போனாங்க. எனக்கென்ன தெரியும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க நாலு பேரு ஓடிட்டுப் போவாங்கன்னு நெனச்சேன். ஊரே அடைச்சுக்கிட்டு, நாப்பத்திரண்டு ஒரு கூட்டம், இருபத்தொண்ணு ஒரு கூட்டம், பத்து ஒரு கூட்டம், அஞ்சு ஒரு கூட்டம்னு ஆயிரக்கணக்குல வந்து எறங்குவீங்கன்னு யாரு கண்டா? மேகலாவுக்குத் தெரியும். அவ ரெசார்ட்ல ரூமெல்லாம் ஃபுல்லு. ஏண்டி சொல்லலன்னு பின்னால கேட்டா, ‘நீ கேக்கலையேம்மா’ங்கறா. என்னத்தச் சொல்றது, வெகுளி.

நான் அன்னைக்கு அடுப்படியில இருந்தேன். சமைக்கறதுக்கு இல்ல. சமையல் எல்லாம் விடியறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. எனக்கு ஸ்கூல் ஹாஸ்டல்ல சமையல் வேலை, நூறு பேருக்கு ஆக்கற கை, எனக்கு ஒரு கேசரியும் போண்டாவும் எம்மாத்திரம்? நான் உள்ள இருந்தது எதுக்குன்னா, எதுக்கால வந்துறக் கூடாதுன்னு. எதுக்காலன்னா விளங்குதா? நீங்க மெட்ராஸ்ல எதிர்லம்பீங்க. வர்றவங்களுக்கு எதிர்ல. எங்க ஊட்டுக்காரரு போனதுலருந்து நான் யாருக்கும் எதுக்கால போறதில்ல. ஒருத்தன் பரீட்சைக்குக் கெளம்புனா நான் கதவுக்குப் பின்னால. ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்குப் போனா நான் கொல்லையில. டீக்கடைக்காரன் காலையில கடை தொறக்கறானா, மொதல் போணி ஆகட்டும்னு தள்ளி நின்னுக்குவேன். யாரும் என்னைச் சொன்னதில்ல. சொல்ற வரைக்கும் வெச்சுக்குவேனா நான்? நானே வெலகிக்குவேன். அந்த மரியாதை எனக்குத் தெரியும்.

அதனால எம்பொண்ணு நிச்சயத்துக்கும் நானே போய் அடுப்படியில உக்காந்துக்கிட்டேன். எந்தம்பி சென்றாயன்தான் முன்ன நின்னான்.

இரு. இரு கண்ணு. இந்த வளைவு போயிரட்டும்.

இங்கதான். அந்தத் தடுப்புக்கல்லு இருக்குல்ல, வெள்ளை அடிச்சு, அது அப்ப கெடையாது. எங்க ஊட்டுக்காரரு வண்டியில வந்தாரு, லாரி ஓரமா அணைச்சுத் தள்ளிருச்சு. உடம்புல ஒரு கீறல் இல்ல தெரியுமா? சட்டை கசங்கல. தலை மட்டும்தான். அப்ப யாரு ஹெல்மெட் போட்டா? போலீஸ்காரனே போட மாட்டான். சரி, விடு. ஆக, எமன் எங்கிட்ட ஒரு தடவை வந்தாச்சு. அதோட விட்டிருக்கலாமில்ல? ரெண்டாவது தடவையும் வந்தான்.

மாப்ள ஊட்டுக்காரங்க வேன்ல வந்தாங்க. குப்பனூர் வழியா சுத்தி வந்திருக்கலாம், அந்த ரோடு மழையில சரிஞ்சு கெடந்துச்சு. ஏரிக்கிட்ட வந்ததும் கயிறு கட்டி நிறுத்திப்புட்டாங்க. ஓடறவங்க போற வரைக்கும் வண்டி நவுரக் கூடாதாம். நல்ல நேரம் போகுது. மாப்ளயோட அம்மா கெட்டிக்காரி, எறங்கி நடந்துரலாம்னுச்சு. எங்க ஊடு அங்கருந்து கூப்பிடு தூரம்தான். சென்றாயனும் ஓடிப்போய் அழைச்சுட்டு வந்தான். பொம்பளைங்க எல்லாம் பட்டுப்பொடவையில, ஆளுக்கொரு தட்டு. ஒண்ணுல வாழைப்பழம், ஒண்ணுல ஆரஞ்சு, ஒண்ணுல ஆப்பிள், வெத்தலை பாக்கு, பொடவை, மஞ்சள் குங்குமம், பூவு. ரோட்டோரமா வரிசையா வர்றாங்க. எதுக்கால ஓடறவங்க வர்றாங்க.

அவங்களுக்கு மொதல்ல எதுக்கால வந்தவன் யாரு?

எமன். கொம்பு, மீசை, கதை, கயிறு. மூச்சு வாங்கிக்கிட்டு வர்றான். வந்தவன் வரிசையைப் பாத்தான், தட்டைப் பாத்தான், நேரா வந்து கதையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வாழைப்பழத்தை எடுத்தான். சென்றாயன் சொல்றான், ‘அக்கா, எனக்கு வாயே வரலக்கா’ன்னு. எடுத்து, அங்கயே நின்னு உரிச்சு, ரெண்டே வாயில முழுங்கிட்டு, ‘சூப்பர் ஏற்பாடுங்க’ன்னு மாப்ள அம்மாகிட்ட சொல்லிட்டு, தோலைத் தூக்கித் தட்டுலயே வெச்சுட்டுப் போயிட்டான். கீழ போடலையாம். ஊரைச் சுத்தமா வெச்சுக்கறாராமா எமதர்மராசா!

அவன் எடுத்ததும் பின்னால வந்ததெல்லாம் கை வெச்சிருச்சு. ‘தேங்க்ஸ் ஆன்ட்டி, தேங்க்ஸ் ஆன்ட்டி’ன்னு ஆளாளுக்கு. ஆரஞ்சுத் தட்டு காலி. ஒருத்தி நின்னு, ஆரஞ்சுக்கு உப்பு இல்லையான்னு கேட்டாளாம்.

நீயும் சிரிக்கற. சிரி, சிரி. நீயா இருந்தாலும் எடுத்திருப்ப, இல்ல? எடுத்திருப்ப. உங்களுக்குப் பட்டுப்பொடவையும் தெரியாது, நிச்சயத் தட்டும் தெரியாது, ஓடறவங்களுக்கு வழியில பழம் குடுக்க ஆளு நிப்பாங்களாமே, அதனால ரோட்டோரம் எவ தட்டோட நின்னாலும் உங்களுக்குத்தான் நிக்கறான்னு நெனப்பு. மலை அழகைப் பாக்க வந்தோம்னு சொல்றீங்க, தரையைப் பாத்துக்கிட்டே ஓடறீங்க.

மாப்ள அம்மா அங்கயே நின்னுருச்சு. ‘நல்ல காரியத்துக்கு வர்றப்ப எமனே எதுக்கால வந்துட்டான். அவன் தின்ன எச்சத் தட்டைத் தூக்கிட்டு நான் பொண்ணு கேட்டுப் போகணுமா?’ அவ்வளவுதான். திரும்பி வேன்ல ஏறிருச்சு. சென்றாயன் கையெடுத்துக் கும்பிட்டிருக்கான், கேக்கல. மாப்ளப் பையன் ஒரு வார்த்தை பேசலையாம். அம்மா ஏறச் சொன்னதும் ஏறி, ஜன்னலைச் சாத்திக்கிட்டு உக்காந்துட்டானாம். அப்படி அடக்கமான பையன். பெத்தவ பேச்சைத் தட்டாத பிள்ளை இந்தக் காலத்துல கெடைக்குமா சொல்லு? அதை இழந்துட்டோமேன்னுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

நான் அடுப்படியில இருந்து கேட்டுக்கிட்டே இருக்கேன், வர்ற சத்தமே இல்ல. சென்றாயன் மட்டும் வந்தான். சொன்னான். நான் அப்படியே சுவத்துல சாஞ்சுட்டேன். மேகலா என்ன பண்ணுனான்னு நெனக்கற? சிரிச்சா. மொதல்ல வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா, அப்புறம் கட்டில்ல விழுந்து விழுந்து சிரிச்சா. கண்ணுல தண்ணி கொட்டுது. எம்பொண்ணுக்கு அதிர்ச்சியில புத்தி பெசகிப்போச்சுன்னு துண்ணூறு எடுத்துப் பூசுனேன். அதுக்கப்புறம் ரெண்டு தட்டு கேசரி தின்னா. துக்கத்துல சில பேருக்கு அப்படிப் பசிக்கும்.

நான் உள்ளயே இருந்தேன் கண்ணு. அதுதான் எனக்கு. நான் எதுக்கால போகாம, மூச்சுக்கூட விடாம, பெத்த பொண்ணோட நிச்சயத்துல எட்டிப் பாக்காம உள்ள இருந்தேன். என்னால ஒரு கெடுதல் வந்துறக் கூடாதுன்னு அவ்வளவு பாத்துக்கிட்டு இருந்தா, எங்கருந்தோ ஒருத்தன் கொம்பு வெச்சுக்கிட்டு ஓடி வந்து எல்லாத்தையும் கெடுத்துட்டுப் போறான். சும்மா விட முடியுமா? நீயே சொல்லு.

ஒரு வருஷம் கறுவிக்கிட்டே இருந்தேன். ஹாஸ்டல்ல வெங்காயம் அரிஞ்சா, அரியறதெல்லாம் அவன்தான். பேரைக் கண்டுபிடிச்சேன், சேலத்துக்காரன், வருஷா வருஷம் அஞ்சு கிலோமீட்டருல அந்த வேஷத்தோட ஓடுவான்னு டீக்கடையில சொன்னாங்க. சேர்வராயன் கோயில் வாசல்ல நின்னு அவன் பேரைச் சொல்லி மண்ணை வாரித் தூத்துனேன். மேல காத்து பலமா? தூத்துன மண்ணு திரும்பி என் கண்ணுலயே விழுந்துச்சு. ரெண்டு நாள் கண்ணு செவந்து கெடந்தேன்.

அப்புறம்தான் ஒரு நாள் எனக்குப் புத்தி வந்துச்சு. எங்க நங்கை ஊட்ல, அதான் எங்க ஊட்டுக்காரரோட தங்கச்சி, அவ மகன் வேலைக்கு இன்டர்வியூக்குக் கெளம்பறான். எனக்குத் தெரியாது. நான் குப்பைக் கூடையைத் தூக்கிட்டு வாசல்ல வந்துட்டேன். நேருக்கு நேரா. அவ மகனை உள்ள கூட்டிட்டுப் போயி, உக்கார வெச்சு, தண்ணி குடுத்து, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி அனுப்புனா. நான் கூடையோட சந்துல நின்னுக்கிட்டு இருந்தேன். மூஞ்சி சுண்டிப்போச்சு எனக்கு. அழுகையா வருது. அழுதுக்கிட்டே இருக்கறப்ப டக்குனு தோணுச்சு. அட, ஒருத்தன் வேலைக்குப் போறதையே கெடுக்கற சக்தி எங்கிட்ட இருக்குன்னு இவ நம்பறா. ஊரே நம்புது. நானும் நம்பறேன். இத்தனை வருஷமா அதைப் பூட்டிப் பூட்டி வெச்சிருக்கேன். எதுக்கு? யாருக்காக? எவனுக்குக் குடுக்கணுமோ அவனுக்குக் குடுத்தா என்ன?

அன்னைக்கு முடிவு பண்ணுனேன். எமன் எம்பொண்ணுக்கு எதுக்கால வந்தான். நான் எமனுக்கு எதுக்கால போறேன்.

நேத்து விடியறதுக்கு முன்னாடியே கெளம்பிட்டேன். அரைகுறையா எதையும் பண்ணக் கூடாதுன்னு நெத்தியைக்கூட நல்லாத் தொடச்சுக்கிட்டேன். வெளுத்த பொடவை. தலையை விரிச்சு விட்டேன். கையில சில்வர் குடம், வெறுங்குடம். பக்கத்து ஊட்டுப் பூனையைக்கூட ஒரு கூடையில போட்டு மூடி எடுத்தேன். அது ஏரி வர்றதுக்குள்ள என் கையைப் பிராண்டிட்டு எகிறிக் குதிச்சு ஓடிப்போச்சு, பாரு, தழும்பு. போகட்டும், பூனை இல்லாட்டி என்ன, நானே போதும்னு ஏரி தாண்டி அந்த மேடு இருக்குல்ல, அங்க போய் ரோட்டுல நின்னேன். பனின்னா பனி. எனக்கு எதுக்கால இருட்டுலருந்து நாப்பத்திரண்டுகாரங்க மொதல்ல வந்தாங்க. எனக்கு அவங்க மேல ஒண்ணும் கோவம் இல்ல, ஆனா வழியில வந்தா நான் என்ன பண்ணட்டும்?

என்ன நடந்துச்சு தெரியுமா? ஒவ்வொருத்தனா வந்து, ‘குட்மார்னிங்மா’ங்கறான். கையை நீட்டறான். எதுக்கு நீட்டறான்னு தெரியாம நானும் நீட்டுனேன், பட்டுனு தட்டிட்டுப் போறான்! அதுக்கப்புறம் வந்தவன் எல்லாம் தட்டறான். எம்மேல யாரும் கை பட்டே எத்தனை வருஷமாச்சு. உள்ளங்கை செவந்துபோச்சு. எவனாவது ஒருத்தன் மூஞ்சியைத் திருப்பணுமே? எவனாவது ஒரு நிமிஷம் நின்னு, ‘ச்சே, இது எதுக்கால வந்துருச்சே’ன்னு சலிச்சுக்கணுமே? ஒருத்தன் இல்ல.

அங்க மஞ்ச டீசர்ட் போட்ட ஒரு காலேஜ் பொண்ணு நின்னுக்கிட்டு இருந்தா. அவ கண்ணு கலங்கிப் போய் நிக்கறா. அந்த மேட்டுல தண்ணி வெக்கணுமாம், தண்ணி வண்டி வரல. என் குடத்தைப் பாத்தா. ‘அம்மா!’ன்னு ஒரு கத்து. நான் சொல்லச் சொல்லக் கேக்காம புடுங்கிக்கிட்டு ஓடி, தெருக்குழாயில புடிச்சு, தளும்பத் தளும்பக் கொண்டாந்து என் இடுப்புல வெச்சுட்டா. நெறகுடம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. ஒரு வருஷம் கறுவிக்கிட்டு வந்து நிக்கறேன், இவ என்னை நெறகுடத்தோட நிறுத்திட்டா. கவுத்துறலாம்னு கவுத்தேன். கவுத்தா, ஓடி வந்தவன் தலையைக் கொண்டாந்து அடியில நீட்டறான்! ‘சில்லுனு இருக்கு ஆன்ட்டி, இன்னும் ஊத்துங்க’ங்கறான். பின்னாலேயே பத்து தலை. காலி பண்ணேன். அவ மறுபடி நெரப்பிக் கொண்டாந்தா, கூடவே ஒரு டம்ளரும். கவுத்தேன். நெரப்புனா. நான் கவுக்க, அவ நெரப்ப, இருபத்தொண்ணுகாரங்க போயி, பத்துகாரங்களும் வந்துட்டாங்க.

என்ன? அட, நீயா? நீ அந்த மேட்டுல தண்ணி குடிச்சியா? தலைவிரிச்சுப் போட்டுக்கிட்டு ஒருத்தி டம்ளர்ல குடுத்தாளா? நான்தான் அது! என் மூஞ்சியில முழிச்சுட்டுத்தான் ஓடுனியா? சரி, நெசத்தைச் சொல்லு, உனக்கு ஏதாச்சும் ஆச்சா? விழுந்தியா? கால் சுளுக்குச்சா? நகம் பேந்துச்சா? ஒண்ணுமே இல்லையா? எப்பவும் ஓடறதைவிட சீக்கிரமா வேற ஓடிட்டியா!

போச்சு போ. உன்னைச் சொல்லிக் குத்தம் இல்ல. தண்ணி குடுத்ததுல சகுனம் நீர்த்துப் போயிருக்கும்.

கடைசியிலதான் அஞ்சுகாரங்க வந்தாங்க. சின்னப் பிள்ளைங்க, தொந்தி வெச்சவங்க, நடந்து வர்றவங்க. நடுவுல கொம்பு தெரிஞ்சுது. குடத்துல பாதித் தண்ணி இருக்கு, அந்தப் பொண்ணு குழாய்க்குப் போயிருக்கா வேற ஒரு வாளியோட. நான் நடு ரோட்டுல போய் நின்னேன். அவன் நேரா எங்கிட்ட வந்தான். ஒருபக்க மீசை பேந்து வாயில தொங்குது. ‘ஏனுங்கம்மா, கொஞ்சம் தண்ணி குடுங்க, மீசை தொண்டைக்குள்ள போயிருச்சு’ன்னான்.

குடுத்தேன். பின்ன என்ன பண்ணச் சொல்ற? தண்ணின்னு கேட்டவனுக்கு இல்லேன்னு எந்த வாயால சொல்றது, எமனாவே இருந்தாலும்? குடிச்சு முடிக்கட்டும்னு நின்னேன். முடிச்சதும் சொல்லிப்போட்டேன். மூஞ்சிக்கு நேராவே சொன்னேன்.

“நல்லாக் கேட்டுக்கடா. நான் தாலி அறுத்தவ. உனக்கு எதுக்கால வெறுங்குடத்தோட நிக்கணும்னே வந்தவ. நீ வெளங்கக் கூடாதுன்னு வந்தவ.”

“என்னங்கம்மா இது, நான் என்னங்க பண்ணுனேன்?”

“போன வருஷம் இதே ரோட்டுல வாழைப்பழம் தின்னியே, ஞாபகம் இருக்கா? பட்டுப்பொடவை கட்டிக்கிட்டு நின்னாங்களே? அது எம்பொண்ணு நிச்சயத் தட்டுடா. நீ தோலை வெச்சுட்டுப் போன. அவங்க திரும்பிப் போயிட்டாங்க.”

அவன் அப்படியே ரோட்டுல உக்காந்துட்டான் கண்ணு. கிரீடத்தைக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டான். வழுக்கைத் தலை. “வாலன்டியருங்கன்னு நெனச்சேம்மா. பட்டுச்சேலை கட்டியிருக்காங்களே, பாரம்பரியமா வரவேற்பு குடுக்கறாங்கன்னு நெனச்சுட்டேன்”னான். ஓடறவங்க எல்லாம் எங்க ரெண்டு பேரையும் சுத்திக்கிட்டுப் போறாங்க. ஃபோட்டோ எடுக்கறாங்க. “பொண்ணுக்கு வேற எடம் அமைஞ்சுதுங்களா?”ன்னான். இல்லேன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டான். போட்டிருந்த மையெல்லாம் கரைஞ்சு கன்னத்துல வழியுது. எனக்கு அதைப் பாக்க எவ்வளவு திருப்தியா இருந்துச்சு தெரியுமா? இன்னும் ரெண்டு வார்த்தை நல்லாக் கேட்டுருக்கலாம். எதுக்கோ வாய் வரல.

அப்பத்தான் அவன் அதைச் சொன்னான். “அம்மா, நாளைக்கு அஸ்தம்பட்டியில கடை தொறக்கறேன். ஹெல்மெட் கடை. நீங்க வந்து வெளக்கேத்தி வெக்கணும்.”

“ஏண்டா, நான் யாருன்னு சொன்னது உன் காதுல விழுந்துச்சா இல்லையா?”

“விழுந்துச்சுங்கம்மா. அதனாலதான் கூப்பிடறேன். எங்கம்மாவும் என் கல்யாணத்துக்கு அடுப்படியிலதான் இருந்தாங்க. மேடைக்குக் கூப்பிட எனக்கு அன்னைக்கு வாய் வரல. இப்பக் கூப்பிடறதுக்கு அவங்க இல்ல.”

அவன் அம்மா எங்க இருந்தா எனக்கென்ன வந்துச்சு? சும்மா கதை. எனக்கு விளங்கிப்போச்சு, சவால் விடறான். ‘உன்னால என்ன பண்ணிர முடியும், வந்துதான் பாரேன்’னு கூப்பிடறான். எமன் வேஷம் போட்ட திமிரு. சரிடான்னு சொல்லிட்டேன். வர்றேன்டா, வந்து உன் கடையில மொத மொத என் கையால வெளக்கேத்தறேன், அதுக்கப்புறம் நீ அங்க உக்காந்து ஈ ஓட்டறதை நான் மலை மேலருந்து பாக்கறேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். வெளிய சொல்லல. அவன் எழுந்து, கிரீடத்தை மாட்டிக்கிட்டு, என் காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டு ஓடிட்டான். குடத்தைப் பாத்தா, அந்தப் பொண்ணு மறுபடி நெரப்பி வெச்சிருக்கா, சனியன்.

ஊட்டுக்கு வந்து மேகலாகிட்ட சொன்னேன். ‘வேணாம்மா, அசிங்கம்’னு சொல்லுவான்னு நெனச்சேன். அவ பீரோவைத் தொறந்து இந்தப் பொடவையை எடுத்தா. நிச்சயத்துக்குன்னு அவ சம்பளத்துல எனக்கு எடுத்தது. நான் அடுப்படியில இருக்கப் போறவ, எனக்கு எதுக்கு மாம்பழக் கலரும் அரக்கு பார்டரும்னு அன்னைக்குக் கட்டவே இல்ல. ‘பழி வாங்கப் போறவளுக்கு எதுக்குடி பட்டு?’ன்னேன். ‘பழி வாங்கறதுன்னா சும்மாவா, பளிச்சுனு போய் வாங்கிட்டு வா’ங்கறா. காலையில அவளே கட்டி விட்டா. மடிப்பு எடுத்து, பின்னு குத்தி. நெத்தியில ஒரு பொட்டு வெச்சா. நான் அழிச்சேன். மறுபடி வெச்சா. அழிச்சேன். மூணாவது தடவை வெச்சுட்டு, என் கை ரெண்டையும் புடிச்சுக்கிட்டு நின்னா. பஸ்ஸுக்கு நேரமாச்சேன்னு அப்படியே வந்துட்டேன். சின்னதாத்தானே இருக்கு? வேர்வையில கலைஞ்சிருக்கா பாரு. இருக்கா? நேராத்தான இருக்கு? இருக்கட்டும் விடு, எறங்கி அழிச்சுக்கலாம்.

அவ சிரிச்சுக்கிட்டே பஸ் ஏத்தி விட்டா. அம்மா இப்படி ஒரு பாவத்தைப் பண்ணப் போறாளேன்னு பயமே இல்ல அந்தக் கழுதைக்கு. அவளுக்காகத்தான் இவ்வளவும். மாப்ள பாக்கலாமான்னு கேட்டா, ‘இரும்மா, இந்தத் தடவை நான் பாக்கறேன்’ங்கறா. அவளுக்கு என்ன தெரியும், எத்தனை பையன் அந்த மாதிரி அடக்கமா இருப்பான்?

அடிவாரம் வந்துருச்சு. இனி கோரிமேடு, அப்புறம் நான் எறங்கணும். நேத்து ராத்திரி அந்த எமன் ஃபோன் பண்ணான், நம்பரு எப்படிக் கெடச்சுதோ, எல்லாம் மேகலா வேலையா இருக்கும். ‘அம்மா, நல்ல நேரம் ஒம்பதே காலுலருந்து. நீங்க வர்ற வரைக்கும் நான் ஷட்டரையே தூக்க மாட்டேன்’ங்கறான். எவ்வளவு திமிரு பாத்தியா? பொண்டாட்டி, பிள்ளைங்க, சொந்தக்காரங்க எல்லாரும் வாசல்ல நிப்பாங்களாம். எல்லாரும் நிக்கட்டும். எல்லாருக்கும் எதுக்கால நான் நடந்து போறேன்.

ஒண்ணுதான் எனக்குக் கொஞ்சம் ஒதறலா இருக்கு கண்ணு. வெக்கத்தை விட்டு உங்கிட்ட கேக்கறேன். ஊட்ல அகல் ஏத்தறேன், அது வேற. சபையில, நாலு பேரு முன்னால, குத்துவெளக்கைத் தொட்டு எத்தனையோ வருஷமாச்சு. அஞ்சு முகத்துல எதை மொதல்ல ஏத்தணும்? கெழக்க பாத்த முகமா? வலது பக்கமாப் போகணுமா, இடது பக்கமாவா? சுத்தமா மறந்துபோச்சு. கையில ஃபோன் வெச்சிருக்கல்ல, அதுல எல்லாம் இருக்குமாமே. பாரு. சீக்கிரம் பாரு, கோரிமேடு தாண்டிட்டான். நல்லாப் படிச்சுச் சொல்லு, அரைகுறையாச் சொல்லாத. அவன் நாசமாப் போகட்டும், அது வேற. வெளக்கைத் தப்பா ஏத்திரக் கூடாது.